பேரை மாற்றினால் போதும்

ஜன்னலை மூடாதீர்கள். எனக்குக் காற்று வேண்டும். தூசி ஆகாது என்றால் நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள், நான் அங்கே வருகிறேன். வேண்டாமா? அப்படியானால் திறந்தே கிடக்கட்டும்.

மடியில் இருப்பது ஆர்மோனியப் பெட்டி. ஏறும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவேன் என்றான், பார்த்தீர்கள் அல்லவா? மடியில் பிள்ளையை வைத்திருந்தால் டிக்கெட் போடுவாயா என்று கேட்டேன். டிக்கெட் கட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு போனான். இவர்களிடம் ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும்.

எனக்குச் சங்கரன்கோவில். நீங்கள் திருநெல்வேலியா? நல்லது. வாத்தியாரா? என்ன பாடம்? கணக்கு என்றால் பரவாயில்லை. தமிழ் என்று சொல்லியிருந்தால் எழுந்து பின்னால் போயிருப்பேன். வார்த்தை படித்த ஆளோடு முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியாயிற்று. போதும்.

மணி என்ன? மூன்றேகாலா. ராஜபாளையத்தில் சாப்பாடு போட்டே ரெண்டாக்கிவிட்டார்கள். படத்திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வருகிறேன். தெரியும்தானே? ஆள் செத்துப் பதினாறாம் நாள், ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்கிறவர்கள் ஒரு மண்டபத்தைப் பிடித்து, படத்தைத் திறந்து, நாலு பேர் பேசி, பிறகு சாம்பார் ஊற்றி அனுப்புவார்கள். நம் பக்கத்தில் அதில் ஒரு பாட்டும் உண்டு. செத்தவரைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்கு எங்கள் வட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷமாக ரெண்டே பேர்தான். வரிகள்: கவிஞர் கோமதிநாயகம். இசை: தளவாய். தளவாய் நான்.

இன்றைக்கு யாருக்குப் படம் திறந்தார்கள் என்று கேளுங்கள். கோமதிநாயகத்துக்கு.

வருத்தமா? எதற்கு வருத்தம்? எழுபத்து நாலு வயது. இதயத்தில் குழாய் அடைப்பு. போய்விட்டான். நான் அவனைப் பற்றிச் சொல்ல வரவில்லை. இந்த வார்த்தைக்காரர்கள் பண்ணுகிற அட்டகாசத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கவிஞர் என்று அவனே போட்டுக்கொண்டது. உத்தியோகம் தந்தி ஆபீஸில். 'தந்தை காலமானார், உடனே புறப்படவும்' என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தவன். வார்த்தைக்கு இத்தனை காசு என்று எண்ணியே பழகினவன். பாட்டில் மட்டும் எண்ணாமல் கொட்டுவான். நான் எழுதி வாங்கிப் பாடுகிற ஆள் இல்லை. எனக்கு வலது கண்ணில் புரை, அதற்கு முன்னாலேயே தாளைப் பார்த்துப் பாடுவது எனக்கு ஆகாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் ஒரு வரி எடுத்துக் கொடுப்பான். நான் பாடுவேன். அடுத்த வரி கொடுப்பான். அதைப் பாடும்போது முதல் வரி போயே போய்விடும். முந்நூறு பாட்டு பாடியிருக்கிறேன். ஒரு வரி கேளுங்கள், தெரியாது. மெட்டைக் கேளுங்கள், முந்நூறையும் இந்தப் பெட்டியில் இப்போதே வாசிப்பேன்.

அதுதான் சங்கீதம். வார்த்தை என்பது மெட்டு உட்காருவதற்கு ஒரு நாற்காலி. யாராவது நாற்காலிக்குக் கைதட்டுவார்களா? ஆனால் நோட்டீஸில் பாருங்கள். கோமதிநாயகம் பெரிய எழுத்தில் மேலே. தளவாய் கீழே, அச்சுக்கூடத்தின் பேர் போடுகிற அளவில். முப்பத்தைந்து வருஷமும் அப்படித்தான்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், பொடி மட்டையை எடுக்கிறேன்.

ம்... தும்மலா? பழகாத மூக்கு. அவனுக்கும் இப்படித்தான், நான் மட்டையைப் பிரித்தாலே ஏழு தும்மல். முன் சீட்டு அம்மா, முந்தானையை எடுத்தது போதும், முடிந்துவிட்டது, திரும்பிக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? நோட்டீஸ். அதற்காக நான் சண்டை போடாத மாதம் கிடையாது. சண்டை போட்டு எழுந்து வந்துவிடுவேன். இனி உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். சாயங்காலம் போவேன். அவனுக்காக இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். பெட்டி அவன் வீட்டுக் கூடத்தில் கிடக்குமே.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது கடைசிச் சண்டை. ஒரு ஆலை முதலாளி படத்திறப்பு. சனம் கண்ணைத் துடைத்தது. திரும்பி வரும்போது கோமதி சொல்கிறான், "அந்த மூணாவது வரியில அழுதாங்க, பாத்தீரா வே?"

"மூணாவது வரியில என்ன வே இருந்தது? நான் பைரவியில நின்னேன், அதுக்கு அழுதாங்க."

"பைரவி எல்லாச் சாவுக்கும்தான் வாசிக்கீரு. அந்த மனுசன் ஆலை வாசல்ல நின்னு ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லிக் கூப்பிடுவாரே, அதைச் சொன்னேன். அதுக்கு அழுதாங்க."

"நீரு எழுதுறது என்ன பெரிய எழுத்து? ஒரே பாட்டு. பேரை மாத்தினா போதும்."

அதைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஒரு பாட்டு எழுதும் வே. ஒண்ணே ஒண்ணு. எழுதிட்டா நான் பேனாவை மூடி வச்சிடுதேன். நோட்டீஸ்ல உம்ம பேரு மட்டும் போடச் சொல்லுதேன்."

"எழுதுறேன் பாரும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியைக் கையோடு எடுத்து வந்தது அன்றைக்குத்தான். பெட்டி என்னிடம் இருந்ததால் சாயங்காலம் போக வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு வாரம் போகவில்லை. ஒரு மாதம் போகவில்லை. அதற்குள் அவன் வைத்தியத்துக்கென்று ராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு சேதிதான் வந்தது. போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். பேசவில்லை. பேசுகிற நிலைமையிலா இருந்தான்?

மூன்றாம் நாள் மகள் போன் பண்ணினாள். நிறைமதி என்று பேர் வைத்திருக்கிறான். "மாமா, அப்பா படத்திறப்புக்கு நீங்கதான் பாடணும். வரிக்கு வேற ஆளைக் கூப்பிட எங்களுக்கு மனசு இல்லை. நோட்டீஸ்ல 'வரிகளும் இசையும்: தளவாய்'னு போட்டாச்சு."

இதோ பாருங்கள், சட்டைப் பையில் இருக்கிறது. கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ். எவ்வளவு பெரிய எழுத்து, பாருங்கள். முப்பத்தைந்து வருஷம் கேட்டது, அவன் செத்தபிறகு போட்டிருக்கிறார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன். பதின்மூன்று நாள் இருக்கிறது. ஒரு பாட்டு. என்ன பெரிய மலை?

உட்கார்ந்தேன். மெட்டு கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. தானனா தானனா என்று பாடிப் பார்த்தேன். கல் கூட அழும். இனி வார்த்தைதானே, போட்டுக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் 'தானனா'தான் இருந்தது.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேல் ஸ்தாயியில் வாய் நன்றாகத் திறக்க 'ஆ' வேண்டும். 'ஆ'வில் வருகிற வார்த்தையாகப் பொறுக்கி எழுதினேன். ஆகாயம், ஆலமரம், ஆனந்தம். என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "அவுக செத்ததுல உங்களுக்கு ஆனந்தமா?" என்றாள். அதை அடித்தேன்.

அடுத்து, 'மலர்ந்து உதிர்ந்த மலரே'. "செத்தது பூக்காரரா?" என்றாள்.

'வானத்து வெண்ணிலவே'. "அண்ணாச்சி நல்ல கறுப்புல்லா?"

'உன் பெருமை சொல்ல வார்த்தை இல்லை' என்று எழுதினேன். "அதான் ஆறு நாளா எங்களுக்கே தெரியுதே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

படிக்காதவள். அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் ஒன்று. அவன் எழுதின பாட்டை நான் வீட்டில் முனகும்போது அவள் இந்த மாதிரி ஒரு நாளும் கேட்டதில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். பைரவிக்காகத்தான் நிற்பாள்.

எட்டாம் நாள் நிறைமதி ஒரு பார்சல் அனுப்பினாள். அவன் நோட்டு மூன்று. 'அப்பா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார்' என்று சீட்டு வைத்திருந்தாள். அட, இது எனக்கு முன்னமே தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. நான்தான் சொன்னேனே, பேரை மாற்றினால் போதும். முந்நூறு பாட்டில் ஒன்றை எடு, பழைய பேரை அடி, கோமதிநாயகம் என்று எழுது. முடிந்தது வேலை.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புரட்டினேன். முதல் பாட்டு, எடைமேடைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவருக்கு எழுதினது. எடுத்த எடுப்பிலேயே அவருடைய நொண்டிக் காலும் சைக்கிளும். 'ஒரு கால் மிதிக்கும், ஒரு கால் ஓய்வெடுக்கும், ஊர்வலம் மட்டும் பிந்தாது' என்று. கோமதிக்கு ரெண்டு காலும் நன்றாக இருந்தது. வைத்துவிட்டேன். அடுத்தது ஒரு மருத்துவச்சிக்கு. 'நாங்கள் முதன்முதல் பார்த்த முகம் நீ' என்று ஆரம்பிக்கிறது. தந்தி ஆபீஸ்காரன் யாருக்குப் பிரசவம் பார்த்தான்? தள்ளு. ஒரு முடிதிருத்துபவருக்கு எழுதினதில், ஊரில் எல்லாரும் தலைகுனிந்த ஒரே மனிதர் என்று இருக்கிறது. தள்ளு. ரெண்டு நாள் புரட்டினேன், வாத்தியாரே. முந்நூறு பாட்டு. ஒன்றாவது பொதுவாக எழுதி வைத்தானா? பேரை மாற்றினால் ஆள் மாற மாட்டேன் என்கிறது. தையல்காரப் புத்தி. அவனவனுக்கு அளவெடுத்து அவனவனுக்கு மட்டும். இப்படி எழுதினால் பின்னால் வருகிறவனுக்கு என்ன உபயோகம்? சுயநலம்.

மணி என்ன? இன்னும் நாலாகவில்லையா? இந்த வண்டி நகருகிறதா இல்லையா? ஓய் கண்டக்டர், டிரைவரைத் தூங்கவிடாதீர்.

பாருங்கள், முறைக்கிறான்.

பத்தாம் நாள் மூன்றாவது நோட்டின் கடைசியில் ஒரு பாட்டு கிடைத்தது. பேர் இல்லாத பாட்டு. பேர் வர வேண்டிய இடத்தில் நாலு புள்ளி.

அது என்ன புள்ளி என்றால், அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்திறப்புக்கு நோட்டீஸ் அடித்தபிறகு பாட்டெழுத நேரம் போதாது. அதனால் யார் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், யார் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்து முன்கூட்டியே எழுதி வைப்பான். ஆனால் பேரை எழுத மாட்டான். உயிரோடு இருக்கிறவன் பேரைச் சாவுப் பாட்டில் எழுதக் கை வராது என்பான். பெரிய பகுத்தறிவு, அங்கே மட்டும் வேலை செய்யாது. எழுத்துக்கு ஒரு புள்ளி வைப்பான். ஆள் போனபிறகு நிரப்புவான்.

அப்படி ஒரு பாட்டு. யாருக்கு எழுதினானோ, அந்த ஆசாமி இன்னும் சாகவில்லை போலிருக்கிறது. நமக்கென்ன? இருக்கிறவன் இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாலு வரியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தாளத்துக்கு உட்கார்ந்தது. மீதியை விரலால் எண்ணினேன். எண்ணிக்கை சரி. நான் போட்டிருந்த மெட்டில் அச்சாக விழுந்தது. நாலு புள்ளி இருந்த இடத்தில் கோமதிநாயகத்தைத் திணித்தேன். ஏழு எழுத்து. கொஞ்சம் இடித்தது. வேகமாகச் சொன்னால் தெரியாது.

அதனால் எழுதினது நான்தான். கையெழுத்து அவனுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேர் இல்லாத பாட்டு பாதிப் பாட்டுதானே. பேரை எழுதினவன் எவனோ அவன்தான் முடித்தவன். என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? கணக்கு வாத்தியார், பாதியும் பாதியும் ஒன்று என்பது தெரியாதா?

இன்றைக்குக் காலையில் மண்டபம் நிறைந்த கூட்டம். சங்கரன்கோவிலிலிருந்தே ஒரு வேன் வந்திருந்தது. என்னையும் அவனையும் முப்பது வருஷமாகப் பார்த்தவர்கள். மேடையில் படம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கவிஞன் என்றால் அப்படித்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கையில் கடிகாரம் பளபளவென்று. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான், ஆபீஸ் புத்தி. தலைவர் மைக்கில் சொன்னார், "இப்போது வரிகளும் இசையும் அண்ணாச்சி தளவாய்." வரிகளும் இசையும். நன்றாகக் கேட்டேன்.

எனக்குத் தாள் பார்க்க வராதே. நிறைமதி பக்கத்தில் உட்கார்ந்து வரி எடுத்துக் கொடுத்தாள், அப்பன் கொடுக்கிற மாதிரி. முதல் வரியைப் பார்த்ததும் அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதுவா மாமா?" என்றாள். "இதுதான், கொடு" என்றேன். கொடுத்தாள்.

பல்லவி எனக்குத் தெரியும், பூதக்கண்ணாடியில் பார்த்ததாயிற்றே.

சண்டை போட்டு வாசல் தாண்டிச்
சாயங் காலம் திரும்பி வருவாய்
கொண்டு போன கோபம் எல்லாம்
கூடத் திலே இறக்கி வைப்பாய்

இங்கே வருகிறது அந்தப் புள்ளி. 'கோமதிநாயகம்' என்று இடித்துக்கொண்டு போய்,

இன்று மட்டும் பொழுது சாய்ஞ்சும்
இன்னும் ஏனோ வரக் காணோம்

என்று இறங்கினேன். பைரவி. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். படத்தைப் பார்க்கவில்லை, என்னை. சங்கீதம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சரணம் எடுத்தேன். அவள் கொடுக்கக் கொடுக்கப் பாடினேன்.

கடிகாரம் கட்ட மாட்டாய்
கண்டவரை மணி கேட்பாய்
பொடிமட்டை நீ பிரித்தால்
பூனைகூட எழுந்து போகும்

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். சாவுப் பாட்டில் சிரிக்கிறான், பாருங்கள். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். நான் விடவில்லை. பொதுவான வரிதானே? யார்தான் மணி கேட்பதில்லை? மணி என்ன இப்போது? சரி, அது இருக்கட்டும். அடுத்தது.

காப்பி சூடு போதாது
கதவுச் சத்தம் ஆகாது
மூப்பு வந்து முடி நரைத்தும்
மூக்கு நுனிக் கோபம் போகாது

முன்வரிசையில் கோமதி மனைவி, எனக்கு மதினி முறை, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் இல்லை. ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. பக்கத்திலிருந்த கிழவர், எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேம்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒன்று சிரிக்க வேண்டும், இல்லையானால் அழ வேண்டும். இதென்ன ரெண்டுங்கெட்டான்?

கோமதிக்குப் பொடி ஆகாது, எனக்குத் தெரியாதா? கடிகாரம் படத்திலேயே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பாட்டென்றால் பொய் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உள்ளதை உள்ளபடி எழுதினால் அது தந்தி.

இன்னும் ஒரு சரணம் இருந்தது, தாளின் அந்தப் பக்கத்தில். நிறைமதி தாளைத் திருப்பினாள். பார்த்தாள். நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், வரி வரவில்லை. "கொடு" என்றேன். நோட்டை மூடி என் பையில் வைத்துவிட்டாள். "இது போதும் மாமா. மீதியை நீங்க வீட்டுல போய்ப் படிச்சுக்கோங்க" என்றாள். மேடையில் பாடிக்கொண்டிருக்கிறவனை நடுவில் நிறுத்துகிறாள். அப்பன் வளர்ப்பு.

அதோடு முடிந்ததா? கீழே இறங்கினால் ஒவ்வொருவனாக வந்து கையைப் பிடிக்கிறான். "நூறு வயசு இருக்கணும் அண்ணாச்சி" என்கிறான் ஒருவன். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்கிறான் இன்னொருவன். செத்தவனுக்குப் பாடினால் எனக்கு எதற்கையா ஆசீர்வாதம்? செயலாளர் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கோமதி உம்மை அப்படியே வச்சிட்டுப் போயிருக்கான் வே" என்றார். என்னத்தை வைத்தான்? நோட்டீஸில் தெளிவாக 'வரிகளும் இசையும்' என்று போட்டிருக்கிறது. அப்போதும் பேர் அவனுக்குத்தான் போகிறது. ஒரு பாட்டு எழுதச் சொன்னான், பாடிக் காட்டிவிட்டேன். ஆனாலும் கைதட்டு அந்தப் பக்கமே போகிறது.

அதையும்விட ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சாப்பிட்டுக் கிளம்பும்போது மதினி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். "கிழக்கே பாத்து நில்லுங்க அண்ணாச்சி" என்றாள். கைநிறைய உப்பும் மிளகாயும். மகளைக் கூப்பிட்டு என் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடச் சொன்னாள். தாலி கட்டும்போதுகூட ஐயர் வைக்காத குடும்பம். "என்ன மதினி இது?" என்றேன்.

"வாயால பாடிட்டீங்க, அண்ணாச்சி. கழிஞ்சு போகட்டும்" என்றாள்.

வாயால் பாடாமல் வேறெதனால் பாடுவது? வார்த்தைக்காரன் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் புதிராகப் பேச வரும்.

என்ன பார்க்கிறீர்கள்? மணியையா? நான்தான் கேட்கவே இல்லையே. பிறகு என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நிறைமதி பார்த்த மாதிரியே பார்க்கிறீர்கள்.

என்ன? என் பேரில் எத்தனை எழுத்தா?

த, ள, வா, ய். நாலு. இருக்கட்டும். நாலெழுத்துப் பேர் உலகத்தில் எனக்கு மட்டும்தானா? இந்த பஸ்ஸில் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். கணக்குப் படித்தவர், நீங்கள் இப்படிப் பேசலாமா?

அவன் எனக்கு எதற்கு எழுத வேண்டும்? நானா படுத்திருந்தேன்? படுத்திருந்தது அவன். நாலு மாதமாகப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறான் என்றால், நான்தான் முதலில் போவேன் என்று அவனுக்கு என்ன... பொடி போடுகிறவன் சீக்கிரம் போவான் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். அது பேச்சுக்கு.

வேண்டுமானால் பாருங்கள். பையில் நோட்டு இருக்கிறது. கடைசித் தாள், பின்பக்கம். நான் அதைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது. படித்துச் சொல்லுங்கள், வேறு எவனாவது பொடி போடுகிற ஆசாமியாக இருக்கும். எங்கள் தெரு எண்ணெய்க்கடைக்காரனாக இருக்கும். அவனும் இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறான்.

படியுங்கள். ஒவ்வொரு வரியாக. நான் திருப்பிச் சொல்வேன், எனக்கு அப்படித்தான் பழக்கம்.

சொல்லெல் லாம் காற்றென்பாய். ம்.

சுருதிமட்டும் பாட்டென்பாய். ம். மேலே.

முந்நூறு பாட்டுக் கட்டி... கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள், கேட்கவில்லை. முந்நூறு பாட்டுக் கட்டி... என்ன? முழுதாக ஒன்றும் கேட்டதில்லை.

...

இருக்கிறேன். தூங்கவில்லை. மேலே.

இந்த ஒரு பாட்டை யாச்சும்... இருந்து கொஞ்சம் கேட்டுப் போ.

அதற்குப் பிறகு? புள்ளியா. நாலு புள்ளிதானா? சரி.

கீழே ஏதோ சின்னதாக எழுதியிருக்கிறதா? பாட்டு இல்லையா? அவனுக்கு அப்படி ஓரத்தில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. 'மெட்டு மெதுவாக', 'ரெண்டு தரம்' என்று ஏதாவது இருக்கும். படியுங்கள்.

'இதற்கு மெட்டுப் போட யாரிடம் போவேன்?'

...

மூடாதீர்கள், நோட்டை மூடாதீர்கள். விரலை அந்த இடத்திலேயே வைத்திருங்கள்.

அந்த மெட்டு சரியில்லை. பைரவி கூடாது. பைரவி எல்லாச் சாவுக்கும் வாசிக்கிறதுதான். வார்த்தை வருவதற்கு முன்னால் போட்ட மெட்டு. கூடத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் அப்படியா பாடுவான்? அழ மாட்டான். கொஞ்சம் எரிச்சலாகத்தான் பாடுவான், காப்பி ஆறுகிறதே என்கிற மாதிரி. எனக்குத் தெரியும் அந்தக் குரல்.

ஓய் கண்டக்டர், கத்தாதீர். சங்கரன்கோவில் வந்துவிட்டது, கண் இருக்கிறது, தெரிகிறது. இறங்கவில்லை. திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் போடும். பெட்டிக்கும் சேர்த்தே போட்டுக்கொள்ளும், போம்.

வாத்தியாரே, அந்த ஜன்னலைச் சாத்துங்கள். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

முதலிலிருந்து படியுங்கள். மெதுவாக.